ஏழாவது குரலுக்கு இரண்டு வரி

மார்ச் 3, செவ்வாய்
இரவு ஒன்றே முக்கால்

வாலு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பகலில் உட்கார்ந்தால் மூன்றாவது வரியில் பொட்டலம் எழுந்துவிடுகிறாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்ததில், தரையில் தடம் விழாததுதான் பாக்கி. நீ கிளம்பிப் போனபோது வயிற்றுக்குள்ளிருந்து உதைத்தவள் இப்போது வெளியிலிருந்து உதைக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் கடிதம் மெயிலில் வந்து நாலு நாளாகிறது. திறக்கவே யோசித்தேன். பதினோரு மாதம் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, 'அண்ணி, என் படத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுத் தருவீங்களா' என்று கேட்க, நாத்தனாரே, உனக்குத்தான் தைரியம் வரும். சினிமா படிக்கக் கிளம்பிய அன்று என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "எல்லாத்தையும் வார்த்தையில கேக்காதீங்க அண்ணி. எங்க வீட்ல யாரும் பேசி வளரலை." நான், "ஏன், உங்க வீட்ல பேசினா வரி போடுவாங்களா?" என்றேன். நீ பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாய். உன் அண்ணன் வழக்கம்போல வாயைத் திறக்காமல் உனக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனிதர், தன் வீட்டு ஹாலில் நடந்த சண்டைக்கு ஒரு திருகாணிகூட முடுக்கவில்லை.

சரி, அது போகட்டும். முடியாது என்று எழுதத்தான் கணினியைத் திறந்தேன். அதற்கு முன் நீ கூடவே அனுப்பியிருந்த குரல்களில் ஒன்றை மட்டும் கேட்டுப் பார்ப்போம் என்று காதில் மாட்டினேன். அங்கேதான் தொலைந்தேன்.

'நீங்க நேசிக்கிற ஒருத்தருக்காக, அவங்களுக்கே தெரியாம நீங்க செய்யற ஒண்ணு என்ன?' எங்கே பிடித்தாய் இந்தக் கேள்வியை? அதற்குப் பதில் சொல்ல எங்கே பிடித்தாய் இந்தப் பதினோரு பேரை? முகம் கிடையாது. குரலையும் மிஷினில் போட்டு மாற்றிவிட்டாய். படத்தில் கைகள், கதவுகள், மாடிப்படிகள் மட்டும். ஆனாலும் ஒவ்வொருவரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள்.

இரண்டாவது குரல், கண் மங்கிய அப்பாவுக்குத் தினமும் பேப்பர் படித்துக் காட்டும் பெண். அவருடைய சிநேகிதர்கள் யாராவது இறந்துபோன செய்தி வந்தால் அதைத் தாண்டிவிட்டு வேறு எதையாவது படிப்பாளாம். "அப்பா கணக்குல இன்னும் எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க." ஆறு பேரை இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். நான்காவது குரல், பஸ் ஓட்டுநர். அதே பஸ்ஸில் மகள் தோழிகளோடு காலேஜுக்குப் போக ஆரம்பித்ததும், யாருக்கும் சொல்லாமல் வேறு வழித்தடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். "அவளுக்கு ஒரு மாதிரி இருக்குமில்ல." அந்த 'ஒரு மாதிரி'யை இங்கிலீஷில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்று போட்டால் ஆபீஸ் கடிதம்போல இருக்கிறது. அவமானம் என்றால் அந்தப் பெண் கெட்டவளாகிவிடுகிறாள். கடைசியில், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய நிலை வரக் கூடாது என்று பொருள் வரும்படி எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. நான் எழுதியதற்காக அல்ல. ஒரு மனிதர் இப்படி இருக்கிறாரே என்று.

என் வேலை உனக்குத் தெரியும். ஒரு நேரத்தில் இரண்டு வரி. வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து. ஒரு நொடிக்கு மனிதக் கண் வாசிப்பது பதினேழு. அதற்கு மேல் போனால் பார்க்கிறவர் முகத்தை விட்டுவிட்டு எழுத்தைத் துரத்த வேண்டியதுதான். இந்தச் சின்னப் பெட்டிக்குள் இவர்களை எப்படி அடைப்பது என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் போட்டுத் தருகிறேன். உனக்காக இல்லை, அந்த பஸ்காரருக்காக.

என்றைக்குள் வேண்டும் என்று எழுது.

அண்ணி


மார்ச் 5, வியாழன்

அண்ணி,

உங்கள் கடிதத்தை எடிட்டிங் ரூமில் நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்தால் அழுதுவிடுவேனோ என்று பயம். பக்கத்து மேஜைக்காரன் "கெட்ட சேதியா?" என்றான். "இல்ல, திட்டு" என்றேன். "அதுக்கா சிரிக்கறே?" என்று கேட்டான்.

பதினெட்டாம் தேதி புதன்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும். என் வாத்தியாருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. என்னோடு படிக்கிறவன் ஒருவன் முதலில் சப்டைட்டில் போட்டான். 'என் கண்ணு' என்று ஒரு பாட்டி பேத்தியைக் கொஞ்சுவதை சொல்லுக்குச் சொல் 'மை ஐ' என்று போட்டு வைத்திருந்தான். வாத்தியார் அந்தப் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கே முடிவு செய்தேன். இதை உங்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது. உங்கள் இங்கிலீஷ் படித்து வந்தது மாதிரி இருக்காது, பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இவர்கள் எல்லாரிடமும் சத்தியம் செய்துதான் குரலை வாங்கியிருக்கிறேன். யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்குத் தெரியவே கூடாது என்று. அதனால் யார் எவர் என்று என்னைக் கேட்காதீர்கள். ஊர், வேலை எதுவும் சொல்ல மாட்டேன்.

ஹாலில் அன்று நடந்ததைப் பற்றி எழுதி நாலு தடவை அழித்துவிட்டேன். நேரில் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பொட்டலம் எப்படி இருக்கிறாள்? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? தூங்குகிறீர்களா? அண்ணன் உங்களிடம் ஏதாவது பேசுகிறானா?

ஏழாவது குரலை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அவர் சரியாகப் பேசத் தெரியாதவர்.

வாலு


மார்ச் 8, ஞாயிறு
இரவு இரண்டு மணி

வாலு,

பத்துக் குரல் முடித்துவிட்டேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஏழாவதுதான் நிற்கிறது. நீ பொறுமையாகக் கேட்கச் சொன்ன அந்த ஆள்மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

செய்தியைத் தாண்டிப் படிக்கிறவள், வழித்தடத்தை மாற்றிக்கொள்கிறவர், பொய் சொல்லிக் காப்பாற்றுகிறவர், எல்லாரும் ஏதோ செய்கிறார்கள். இந்த ஆள் என்ன செய்கிறார்? அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பார்.

"எங்க வீட்ல ஒரு கதவு இருக்கு. ராத்திரி அவ உள்ள போயி தாழ் போட்டுக்குவா. நான் வந்து வெளிய உக்காந்துக்குவேன். தட்ட மாட்டேன். அவ வெளிய வர்றதுக்கு முன்னாடி எழுந்து போயிடுவேன். தெனமும்தான். அவளுக்குத் தெரியாது."

அவ்வளவுதான். நாற்பது நொடி. அதில் பாதி மௌனம். இதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் போட்டால் போலீஸ் கேஸ் மாதிரி இருக்கிறது! ராத்திரியில் ஒரு பெண்ணின் கதவுக்கு வெளியே, அவளுக்குத் தெரியாமல் ஒரு ஆண் உட்கார்ந்திருக்கிறான். உன் வாத்தியார் அடுத்த நொடி போனை எடுத்துப் புகார் கொடுப்பார். இதமாக மாற்றிப் போட்டால் அந்த ஆள் சொல்லாததை நான் சொன்னதாகிவிடும். ஏன் தட்டவில்லை என்று தெரியாமல் என்னால் ஒரு எழுத்துப் போட முடியாது. சண்டையா? கோபமா? பயமா? ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற காரணம் தெரிந்தால்தான் முன்னால் இருக்கிற வார்த்தை விழும். அவரிடம் கேட்டு வாங்கு. 'ஏன் தட்டலை' என்று ஒரே கேள்வி.

என்னைக் கேட்டால் கோழை என்பேன். அந்தப் பெண் உள்ளே என்ன பாடுபடுகிறாளோ. கதவை உடைத்துக்கொண்டு போக வேண்டாமா? இதுவா நேசம்?

இவ்வளவு கோபம் ஏன் என்று நீ நினைப்பாய். மறைத்து என்ன ஆகப்போகிறது. பதினாறாம் தேதி திங்கட்கிழமை பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வருவதாக இல்லை. உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. பீரோவுக்குப் பின்னால் ஒரு பையில் அவள் துணிகளை எடுத்து வைத்தாயிற்று. அவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் கஷ்டம், யாரிடம் போய் என்னவென்று சொல்வது? காலையில் போகிறார், கிரீஸ் வாடையோடு வருகிறார், "என்னங்க, இன்னிக்கு எப்படிப் போச்சு" என்றால் "போச்சு" என்கிறார். படுத்தால் இடி விழுந்தாலும் அசைய மாட்டார். இந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து நான் ஒரு ஆளாகவே இல்லை, வாலு. அது பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குத் தெரியவில்லை. உன்னுடைய கோழையாவது கதவு வரைக்கும் வருகிறார். உன் அண்ணனுக்குக் கதவு இருப்பதே தெரியாது.

அவருடைய தங்கையிடம் போய் இதை எழுதுகிறேனே என்று இருக்கிறது. வேறு யாரும் இல்லை. அவரிடம் சொல்லிவிடாதே.

அண்ணி


மார்ச் 9, திங்கள்

அண்ணி,

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். பதினாறாம் தேதி வரைக்குமாவது எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏழாவது குரலுக்குச் சப்டைட்டில் போட்டுவிட்டுப் போங்கள். வேலையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை நீங்கள்.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு விஷயம் எனக்குத் தெரியும், அதைச் சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் கேட்கிறேன். நீங்கள் கேட்ட அதே கேள்வியை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

வாலு


மார்ச் 12, வியாழன்

அண்ணி,

அனுப்பியிருக்கிறார். மூன்று நாள் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் வேலை செய்கிற இடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்போல, பின்னால் எதிரொலி கேட்கும்.

வழக்கம்போலக் குரலை மாற்றித்தான் அனுப்புகிறேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், மீறவில்லை. உங்கள் வேலைக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களோ அதைத்தான் அனுப்புகிறேன்.

பகலில் கேளுங்கள். பொட்டலம் தூங்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். நின்றுகொண்டு வேண்டாம்.

வாலு


மார்ச் 13, வெள்ளி
பகல் பதினொன்று

வாலு,

கேட்டேன். ஆறு தடவை. எழுதி எடுத்தேன், அது என் வேலை.

"ஏன் தட்டலைன்னு கேட்டியே. எங்க வேலையில மொதல்ல ஒண்ணு சொல்லித் தருவாங்க. ஆளு உள்ள மாட்டிக்கிட்டா வெளியிலேர்ந்து கதவை நெம்பாதே. பொட்டி எந்த மட்டத்துல நிக்குதுன்னு உனக்குத் தெரியாது. நெம்பினா அவங்க பதறிப்போய் எட்டிக் குதிக்கப் பாப்பாங்க. கீழ பள்ளம். அதனால பக்கத்துலயே இரு. எடத்தை விட்டு நகராதே."

பிறகு நான்கு நொடி மௌனம்.

"இவ பாத்ரூமுக்குள்ள போயி கொழாயைத் தொறந்து விட்டுடுவா. தண்ணிச் சத்தத்துக்கு அடியில இன்னொரு சத்தம் கேக்கும். நான் தட்டினா கொழாயை மூடிட்டு, மூஞ்சியக் கழுவிட்டு, 'என்னங்க, தண்ணி வேணுமா'ன்னு சிரிச்சிக்கிட்டு வெளிய வருவா. அப்புறம் அழறதுக்குன்னு இருந்த அந்த ஒரு எடமும் அவளுக்கு இல்லாமப் போயிடும். அதான். பாப்பா முழிச்சிட்டா கத்துவா, அவ பாதியில எழுந்து வரணும். அதனால அவ உள்ள போன ஒடனே பாப்பாவைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு உக்காந்துக்குவேன். கொழா நின்னா கொண்டுபோய்ப் படுக்க வச்சிட்டு, நானும் கண்ண மூடிக்குவேன்."

இன்னொரு மௌனம். ஏழு நொடி.

"இப்ப எங்கயோ கெளம்பறா. பை கட்டி வச்சிருக்கா. கேக்கலை. அவளா சொல்லட்டும். காய்ச்ச மருந்து வைக்க மறந்துட்டா. நான் வச்சிட்டேன்."

உன் மிஷின் குரலைத்தான் மாற்றும், வாலு. மௌனத்தை மாற்றாது. எட்டு வருடமாக மற்றவர்களின் மூச்சை நொடிக்கணக்கில் அளந்தே பிழைக்கிறேன். இந்த நான்கு நொடி என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தினமும் நடக்கிற நான்கு நொடி. அதை இவ்வளவு நாள் அலட்சியம் என்று வாசித்து வந்திருக்கிறேன்.

உனக்கு எழுதாத ஒன்று உண்டு. யாருக்குமே சொல்லாதது. பொட்டலம் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் ராத்திரி பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். இருபது நிமிடம். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்த இருபது நிமிடம் மட்டும் பொட்டலம் ஒரு நாள்கூட விழித்ததில்லை. படுக்க வைத்த ஐந்தாவது நிமிடம் அலறுகிறவள், அப்போது மட்டும் அமைதியாக இருப்பாள். இத்தனை மாதமாக அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். உலகத்தில் எனக்கென்று நடந்த ஒரே நல்லது என்று நினைத்திருந்தேன்.

அந்த அதிர்ஷ்டத்துக்கு மடி இருந்திருக்கிறது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.

பீரோவுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டு ஜிப்பில் மருந்து பாட்டில். மருந்து ஊற்றும் குட்டி மூடி, ரப்பர் பேண்டு போட்டு. ஒரு சீட்டு. லிஃப்டில் ஒட்டுகிற எச்சரிக்கைப் பலகை எழுத்து மாதிரி பெரிய பெரிய எழுத்தில், 'எடை 7.4 கிலோ. 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதற்கு மேல் கூடாது.' போகாதே என்று ஒரு வார்த்தை இல்லை. எப்போது வருவாய் என்று இல்லை. நான் அவரை விட்டுவிட்டுப் போகிற பைக்குள், அவர் எங்கள் காய்ச்சலுக்கு மருந்து வைத்திருக்கிறார்.

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி உலர்த்துகிறார்கள், ஒரு பெண் மாடிப்படியில் ஓடுகிறாள், கீழே ஒருவர் சைக்கிளைத் துடைக்கிறார். இவர்களில் யார் யாருக்கு என்ன செய்து கொண்டிருக்கிறார்களோ, யாருக்கும் தெரியாமல். கால் தரையில் பாவவில்லை எனக்கு. இத்தனை பெரிய விஷயம் இத்தனை சத்தமில்லாமல் நடக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

நீ வேண்டுமென்றே அனுப்பினாயா, தவறிப்போய் அனுப்பினாயா? எதுவானாலும் சொல்.

அண்ணி


மார்ச் 14, சனி

அண்ணி,

எனக்கே தெரியவில்லை. முதல் கடிதத்தோடு பதினோரு குரலையும் மொத்தமாக அனுப்பினேன். ஏழாவதை எடுத்துவிட வேண்டும் என்று அனுப்பும்போது நினைத்தேன். குரலைத்தான் மாற்றிவிட்டோமே, அண்ணனைப் போல உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அது தவறா, திட்டமா? எழுதும்போது இரண்டும் பொய் மாதிரி இருக்கிறது.

அவனுக்குச் சப்டைட்டில் போடுவது நீங்கள் என்று தெரியாது. "இங்கிலீஷ்ல போடற ஆளு ஏன் தட்டலைன்னு கேக்கறாங்க" என்றேன். 'ஏன் தட்டலை' என்று ஒரு தடவை முணுமுணுத்தான். அப்புறம், "நல்ல கேள்விதான். யாரோ நல்லவங்க" என்றான். நான் போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஹாலில் நான் சொன்னது தப்பு அண்ணி. வார்த்தையில் கேட்காதீர்கள் என்றேன். நாங்கள் சின்ன வயதிலிருந்து சொல்லாமலே புரிந்துகொண்டோம் என்று பெருமைப்பட்டு வந்தவர்கள். உண்மை என்னவென்றால் பாதிக்கு மேல் புரியவில்லை. இந்தப் படத்தை எடுக்க ஆரம்பித்ததே அதனால்தான். நீங்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கேட்டுக்கொண்டே இருங்கள்.

இன்னும் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு மாதம் தினமும் அழுவதை ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டும். அண்ணன் வெளியே உட்கார்ந்திருந்தால் மட்டும் அது சரியாகாது.

திங்கட்கிழமை போகிறீர்களா?

வாலு


மார்ச் 15, ஞாயிறு
இரவு, மணி பார்க்கவில்லை

வாலு,

நேற்று ராத்திரி வழக்கம்போல உள்ளே போனேன். தாழ் போட்டேன். குழாயைத் திறந்தேன். அறுபது வரை எண்ணினேன். குழாயை மூடாமல் கதவைத் திறந்தேன்.

இருந்தார். சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு. பொட்டலம் மார்பில் குப்புறக் கிடந்தாள், பனியனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு. பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட மாதிரி விழித்தார்.

"இல்ல, கால் மரத்துப்போச்சு. அதான் உக்காந்தேன்."

"எட்டு மாசமாவா மரத்துப்போச்சு?"

நான்கு நொடி. நான் எண்ணினேன்.

"யார் சொன்னா?"

"ஏழாவது குரல்."

"அந்தக் கழுதையை..."

"அவளைத் திட்டாதீங்க. அவ ஒண்ணும் சொல்லலை. இங்கிலீஷ்ல போடற ஆளு நான்தான்."

அதற்கு அவர் முகம் போன போக்கை எந்தச் சப்டைட்டிலிலும் போட முடியாது. கீழே உட்கார்ந்தேன். எவ்வளவோ பெரிய பெரிய வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது சண்டைதான்.

"லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட வெளியிலேர்ந்து பேசுவீங்கல்ல?"

"பேசுவேன்."

"முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் பேசத் தெரியுது. என்கிட்ட ஒரு வார்த்தை பேச என்னவாம்?"

"அதுக்கு டிரெயினிங் குடுத்தாங்க" என்றார். முகத்தில் துளி விளையாட்டு இல்லை. நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், பாத்ரூமைப் பார்த்தார், "தண்ணி வீணாப் போகுது" என்றார்.

எழுந்து போய்க் குழாயை மூடினேன். அப்படியே உள்ளே நின்று தாழைப் போட்டுக்கொண்டேன். "இப்ப பேசுங்க. அங்க எப்படிப் பேசுவீங்களோ அப்படியே" என்றேன்.

அவர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு கதவுக்கு அருகில், தாழ்வாக, வேலைக்குப் போகிற இடத்தில் பேசுகிற குரல். நான் அதுவரை கேட்டிராத குரல்.

"உள்ள இருக்கறவங்க பேரு என்னம்மா?"

என் பேரைச் சொன்னேன். கல்யாணம் ஆகி ஐந்து வருடம் கழித்து.

"கூட யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

அந்தப் பதிலைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு நாளாக உண்மை என்று எனக்கே தெரிந்தது. வெளியே அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு நின்று வந்தது.

"பயப்படாதீங்க. நான் வெளியதான் இருக்கேன். எவ்ளோ நேரமானாலும் இருப்பேன். மேல ஏறாதீங்க, கீழ குதிக்காதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க."

தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் அழுதேன், வாலு. ஒளிக்காமல், கேட்கும்படி. அவர் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. "ம்" என்றார். கொஞ்ச நேரம் விட்டு "இருக்கேன்" என்றார். எத்தனை 'இருக்கேன்' என்று எண்ணத் தோன்றவில்லை. பொட்டலம் விழித்து அலற, ஏதோ பாடினார். பாட்டு என்று சொன்னால் பாட்டுக்கு அவமானம்.

வெளியே வந்தபோது இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். இந்த வீட்டில் எட்டு மாதமாக நான் தனியாக இருந்தேன், தனியாக இருக்கவும் இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருந்தன என்று இன்னும் பிடிபடவில்லை.

டாக்டரைப் பற்றி நீ எழுதியதைச் சொன்னேன். தலையைச் சொறிந்துவிட்டு, "ஒரே லிஃப்ட்ல ஆளு அடிக்கடி மாட்டினா, வெளிய உக்காந்து பேசினா மட்டும் போதாது. ஆளக் கூப்பிட்டு முழுசா பாத்துடணும். நான்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறார். அழுகை நின்றுவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். இன்று மத்தியானமும் வந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு நடுவில் போன் செய்தார், எதற்கு என்று சொல்லத் தெரியாமல் வைத்துவிட்டார். நாளைக்கு நான் எங்கும் போகவில்லை.

சப்டைட்டில் முடிந்தது. ஏழாவது குரலின் முதல் பதிவையும் இரண்டாவதையும் சேர்த்து இரண்டே வரியில் கொண்டுவந்தேன். நான் தட்டவில்லை, அவள் தனியாக அழ இடம் வேண்டும் என்பதால். நான் நகரவில்லை, அவள் தனியாக இருக்கக் கூடாது என்பதால். இந்தப் பொருளில் சாதாரண வார்த்தைகள் மட்டும், பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிற இங்கிலீஷ். அலங்காரம் எதைப் போட்டாலும் அவருக்கு ஒட்டவில்லை. நான்கு நொடி வருகிற இடங்களில் எழுத்தே போடவில்லை. திரையைக் காலியாக விட்டுவிட்டேன். அங்கே உன் கையை வைக்காதே.

காய்ச்சல் மருந்து வருகிற பகுதியைப் படத்தில் சேர்க்காதே. அது எனக்கு மட்டும் இருக்கட்டும்.

ஒன்று கேட்க வேண்டும், அவர் கேட்கச் சொன்னார். யாருக்குத் தெரியக் கூடாது என்று குரலை மாற்றச் சொன்னாரோ, அவளுக்குத்தான் தெரிந்துவிட்டதே. ஏழாவது குரலை மட்டும் மாற்றாமல், அவருடைய சொந்தக் குரலிலேயே வைக்க முடியுமா? புதன்கிழமைக்குள் அதற்கு நேரம் இருக்கிறதா? இருந்தால் நொடிக்கணக்கை நான் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.

சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி